நோக்கம்: ரயில் பார்த்தல்

ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் செல்லச்சாமி முழுநீளத் தாளில் 'பயணத் திட்டம்' என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தார். புறப்பாடு, வழித்தடம், வாகனம், உணவு என்று வரிசையாக எல்லாம் நிறைந்தது. தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குக்கூட அவர் இத்தனை தெளிவாகத் திட்டம் போட்டதில்லை. 'நோக்கம்' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். மனைவி ஆனந்தவள்ளிக்கு ரயில் பார்க்க வேண்டும். ஏறிப் போக வேண்டாம், பார்த்தால் போதும். செங்கோட்டைக்கு அப்பால், மலையடிவாரத்துப் பகவதிபுரம் ஸ்டேஷனில், எப்போதாவது ஒரு ரயில் வரும் இடத்தில், ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு டிரான்ஸ்பர் வந்தப்பல்லாம் ரயில்லதான் போனோம். நா மூட்டையத்தான் பாத்தேன், ரயிலப் பாக்கல" என்றாள்.

முப்பத்திரண்டு வருடத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. அவர் காதில் விழுந்தது இது ஒன்றுதான்.

அவருக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சும்மா ரயில் பார்க்கப் போனார் என்று தென்காசியில் பேச்சு வரலாமா? அதனால், வாடகைக் கார் எதற்கு என்று சித்தப்பா மகன் உச்சிமாகாளி கேட்டபோது, "ஒரு எடம் வெலைக்கு வருது, பாக்கணும்டே" என்று சொல்லிவைத்தார்.

உச்சிமாகாளி ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். மறுநாளே வந்து நின்றார்.

"எங்கிட்ட மறச்சு எடம் வாங்குதியளோ அண்ணாச்சி? நானும் வாரேன். மருமவன் குடும்பத்தோட வாரான். புரோக்கர் வல்லிநாயகமும் வருதாரு. வேன் சொல்லியாச்சு. திரும்பும்போது குத்தாலத்துல ஒரு குளி."

செல்லச்சாமி 'கார்' என்பதை அடித்து 'வேன்' என்று எழுதினார். உணவு: பன்னிரண்டு பேர். ஆனந்தவள்ளி அடுக்களையிலிருந்து வந்து அதைப் படித்தாள்.

"பன்னெண்டு பேருக்குப் புளியோதரை கிண்டித் தாரேன். நீங்க போய்ட்டு வாங்க. நா வரல."

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார், அதற்குப் பயிற்சி உண்டு. இதற்கு இல்லை. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு உச்சிமாகாளி வீட்டுக்கு நடந்தார்.

"எடமும் இல்ல, ஒண்ணும் இல்லடே. அவளுக்கு ரயில் பாக்கணுமாம். நானும் அவளும் போறோம்."

"ரயில் பாக்கவா? நா மிலிட்டரி அண்ணாச்சி, எங்கிட்டயேவா? எடம் அவ்வளவு நல்ல எடமோ?"

"ஏலே, சத்தியமா ரயிலுதாம்லே."

"பாத்து?"

"பாத்துட்டு உக்காந்திருப்போம். அடுத்த ரயில் வரும். அதையும் பாப்போம்."

உச்சிமாகாளி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"அண்ணாச்சி, ராத்திரி தூக்கமெல்லாம் ஒழுங்கா வருதா?"

வேன் ரத்தானது. இரண்டே நாளில் தெருவே செல்லச்சாமியிடம் மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசத் தொடங்கியது. டீக்கடை காஜா கேட்காமலே கண்ணாடி டம்ளரை அவர் கையில் பத்திரமாகப் பிடித்துக் கொடுத்தார். செல்லச்சாமி வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை பகவதிபுரத்தில் சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தது. பெஞ்சில் உட்கார்ந்த இருவரிடமும் ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் வந்தார்.

"எங்க போகணும் சாரே?"

"எங்கயும் இல்ல. ரயில் பாக்க வந்தோம்."

இரண்டாம் தடவை சொல்வது எளிதாகத்தான் இருந்தது.

ரயில் வந்தது. ஆனந்தவள்ளி எழுந்து நின்று ஒவ்வொரு பெட்டிக்கும் தலையைத் திருப்பினாள். எல்லாப் பெட்டியும் தீர்ந்த பிறகு, கடைசியில் இன்னொரு எஞ்சின் உறுமிக்கொண்டு வந்தது.

"பின்னாலயும் எஞ்சின் மாட்டியிருக்கே, எதுக்காம்?"

செல்லச்சாமி தொண்டையைச் செருமினார். மலைப்பாதை, விதிமுறை, பாதுகாப்பு என்று பதில் மிடுக்காகத்தான் திரண்டு வந்தது. வாயைத் திறந்தவர், "தெரியலயே" என்றார்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த எஞ்சின் வளைவில் மறையும்வரை இருவரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு தண்டவாளத்துக்கு நடுவே ஓர் ஆடு ஏறி நின்று, அதுவும் ரயில் போன பக்கமே பார்த்தது.