பின்னாடி மட்டும்

போலோனா இரண்டு மாதமாகப் பூட்ஸ் தேடினாள். தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது. கிரான் நகரத்துக் கடைக்காரர், மிருதுவானதாக வாங்கு, நடக்கச் சுலபம் என்றார். இணையத்தில் ஒருவன், கெட்டியான பூட்ஸ் இல்லாமல் ஸ்னோபோர்டோடு மலையேறவே போகாதே என்று எழுதியிருந்தான். அவனுக்கு நேர் கீழே இன்னொருவன், கெட்டி பூட்ஸில் ஏறி இரண்டு குதிகாலும் உரிந்துபோன படத்தைப் போட்டிருந்தான். கால் வீங்கும், ஒரு அளவு பெரிதாக எடு என்றாள் ஒருத்தி. பெரிதாக எடுத்தால் குதிகால் உள்ளே தூக்கும் என்றாள் அடுத்தவள்.

டர்ஜிச் மலை மீட்புக் குழுவில் சேர இரண்டு முறைதான் தேர்வு எழுதலாம். எழுதுவது என்பது பேச்சுக்குத்தான், மலையேற வேண்டும். லுபெலில் கிளம்பி, ஜெலெனிட்சா குடிலைத் தாண்டி மேலே உள்ள கணவாய்க்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் ஸ்கீயில் ஏறுவார்கள். அவள் மட்டும் நடுவே இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டில். ஏறும்போது காலுக்கொரு பலகை, இறங்கும்போது சேர்த்தால் ஒரே பலகை; அதில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். போன வருடம் பழைய தொளதொள பூட்ஸில் ஏறி, இறுகிய பனியில் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி, பதினொரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். இந்த மார்ச் போனால் அப்புறம் கிடையாது.

குழுவில் ஏற்கெனவே இருந்த ரோக் அவளோடு பள்ளியில் படித்தவன். "பொறந்ததுலேர்ந்தே ரெண்டா இருக்கற கட்டைக்குப் பேரு ஸ்கீ. நீ என்னடான்னா ஒண்ணை வாங்கி, அறுத்து ரெண்டாக்கி, அதுக்குப் பூட்ஸ் தேடி அலையற" என்பான்.

கடைசியில் யெசெனிட்செவில் ஒருவரிடம் பழைய கெட்டி பூட்ஸ் கிடைத்தது. பக்கவாட்டில் பாறை மாதிரி நின்றது. ஆனால் வீட்டுப் படிக்கட்டில் இறங்கவே நண்டு நடை நடக்க வேண்டியிருந்தது. கணுக்கால் பின்னால் சாய இடமே இல்லை. மறுபடி படித்தாள். கணுக்காலுக்கு மேலே பூட்ஸின் பின்புறத்தை முக்கோணமாக வெட்டி, வெட்டின் மேல் ஒரு பட்டை வைத்துவிட்டால் போதுமாம். ஏறும்போது பட்டையைத் தளர்த்தலாம், இறங்கும்போது இறுக்கலாம். பக்கம் கெட்டியாகவே இருக்கும்.

ஊரில் ஸ்கீ பூட்ஸைச் சூடாக்கி அகலப்படுத்தித் தருகிறவள் ஸ்லாவ்கா. குளிர்காலம் முழுக்க அவள் பட்டறை வாசலில் ஆட்கள் வெறும் சாக்ஸோடு நிற்பார்கள். ஸ்னோபோர்டு பூட்ஸ் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்கு எந்தக் கால் முன்னாடி போகும்?"

இதை ஏன் கேட்கிறாள் என்று போலோனாவுக்கு விளங்கவில்லை. "வலது."

"வெட்ட வேண்டியது பின்னாடி மட்டும்தான?"

"ஆமாக்கா. பின்னாடி மட்டும்."

ஸ்லாவ்கா இடது பூட்ஸில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். போலோனா அதைப் பார்த்தாள். அடையாளத்துக்கு என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வேலை முடிந்து வந்தபோது பட்டறை பூட்டியிருந்தது. பூட்ஸ் பையைப் பக்கத்து பேக்கரியில் வைத்துவிட்டு, ஸ்லாவ்கா தன் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டாளாம். போலோனா ஒரு பூரெக் வாங்கித் தின்றபடியே பையைத் திறந்து, மேலே இருந்த பூட்ஸை எடுத்துப் பார்த்தாள். வெட்டு அவ்வளவு சுத்தம். ஓரத்தைத் தீயில் காட்டி மழுக்கியிருந்தாள். பட்டையின் தையல் இரட்டை நூல். இன்னொன்றை எதற்குப் பார்ப்பது என்று பையை மூடினாள்.

மறுநாள் காலை தேர்வுக்காக லுபெலில், கார் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து காலை நுழைத்தபோதுதான் தெரிந்தது. வலது பூட்ஸில் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு ஸ்லாவ்காவைத் தொலைபேசியில் எழுப்பினாள்.

"நீதானே பின்னாடி மட்டும்னு சொன்ன" என்றாள் ஸ்லாவ்கா, தூக்கக் கலக்கத்தோடு. "வலது முன்கால்னா இடது பின்கால்தானே? போன மாசம் ஒருத்தன்கிட்ட இடது, வலதுன்னு பேசிட்டேன். எங்களுக்கு முன்கால் பின்கால்தான்னு அரைமணி நேரம் பாடம் எடுத்தான். சரி, உங்க பாஷையிலயே கேப்போம்னு கேட்டேன்."

கோபப்படலாம் என்று பார்த்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. தான் சொன்னதிலும் தப்பில்லை. அதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாதி வழிவரை இரண்டு வேறு ஆட்கள் ஒரே உடம்பில் நடப்பது போல இருந்தது. இடது கால் நீளமாகச் சறுக்கிப் போனது. வலது கால் குட்டை எட்டாகக் குத்திக் குத்தி வந்தது. குடிலுக்கு வருவதற்குள் வலது குதிகால் எரிந்தது. எல்லாருக்கும் பின்னால், யாரும் விடுபடாமல் பார்த்து வருவது ரோக்கின் வேலை. "என்ன அம்மணி, நொண்டி ஆடறியா?" என்றான்.

நாடாவைத் தளர்த்தினாள். கணுக்கால் அசைந்தது, சுகமாகவும் இருந்தது. இறுகிய பனி தொடங்கியதும் பலகையின் விளிம்பு பிடி விட்டு, நாலடி கீழே வழுக்கினாள். மறுபடி இறுக்கினாள்; கால் மரக்கட்டையானது. கெட்டி என்றவனும் மிருது என்றவரும் சேர்ந்து காதுக்குள் கத்துவது போல இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். மீதி நாற்பத்தாறு நிமிடம். இந்த நடைக்கு அது போதாது.

பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உள்ளுறையைக் காலிலேயே விட்டு, வலது பூட்ஸின் வெளிக்கூட்டை மட்டும் கழற்றி மடியில் வைத்தாள். கத்தியை எடுத்தாள்.

ரோக் நின்றுவிட்டான். "நான் உதவக்கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும். பேசாம நில்லு."

"வேற பூட்ஸ் இருக்கா உன்கிட்ட?"

"இல்ல."

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இடது காலை நீட்டி, ஸ்லாவ்காவின் வெட்டை விரலால் அளந்தாள். மேல் விளிம்பில் நாலு விரல் அகலம், கீழே குறுகி ஒரு முனை. அதே அளவை வலதில் பேனாவால் கோடிட்டாள். பிளாஸ்டிக் லேசில் மசியவில்லை. கத்தி இரண்டு முறை கோட்டைத் தாண்டி ஓடியது. கடைசியில் முக்கோணம் என்று சொல்ல முடியாத ஒரு துண்டு பனியில் விழுந்தது. ரோக் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒன்பது நிமிடம் போயிருந்தது.

நாடாவை இறுக்கி எழுந்தாள். விளிம்பு பிடித்தது. கணுக்காலும் பின்னால் சாய்ந்தது. பத்து எட்டு வைத்த பிறகுதான் அதை நம்பினாள். முன்னால் போனவர்களில் இரண்டு பேரைத் தாண்டியது அவளுக்கே பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கணவாயில் தேர்வு நடத்தும் மிர்யம் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். எழுதி முடித்தவள் குனிந்து, பிசிறடித்த வலது பூட்ஸையும் பளபளவென்ற இடது பூட்ஸையும் பார்த்தாள்.

"இதைத் தச்சது யாரு, அதைக் கடிச்சது யாரு?"

"தச்சது ஸ்லாவ்காக்கா. கடிச்சது நான்."

"நேரத்துக்கு வந்துட்ட, அது சரி. ஆனா இந்த ஓட்டையோட இறங்க முடியாது. பட்டை ஒண்ணுலதான் இருக்கு." மிர்யம் தன் பையிலிருந்து அகலமான துணி டேப்பை எடுத்து நுனியைப் பிரித்தாள். "எந்தக் கால் முன்னாடி போகும்?"

போலோனா வலது காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதற்குள் கடைசி ஆளோடு வந்து சேர்ந்திருந்த ரோக் பக்கத்தில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"எதுக்குக் கேக்கறீங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள்.