மூன்று கோட்டைகளும் ஒரு ஜன்னலும்

பெலின்சோனா ஊரில் மூன்று பழைய கோட்டைகள் இருக்கின்றன. மூன்றையும் ஒர்னெல்லா பலமுறை பார்த்திருக்கிறாள், எல்லாம் பியேராவின் சமையலறை ஜன்னல் வழியாகத்தான்.

பியேரா, ஒர்னெல்லாவின் கணவன் துல்லியோவுக்குப் பெரியப்பா மகள். மிலானிலிருந்து எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறாள். சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போய் அவர் வீட்டில் கை நனைக்காமல் திரும்பினால் குடும்பத்தில் ஒரு வருஷத்துக்கு அதுதான் பேச்சு. பியேரா வீட்டில் கை நனைத்தாலோ எழுந்திருக்க முடியாது. சோளமாவுக் களி, ஒயினில் வெந்த கறி, பாலாடைக்கட்டி, காபி, அதற்கு மேல் துல்லியோ சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதை. கதை முடிவதற்குள் கோட்டைக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அதனால்தான் இந்த முறை யாருக்கும் தெரியாமல், தனியாக, ஒரே ஒரு நாள் என்று கிளம்பினாள். துல்லியோவிடம் மட்டும் சொன்னாள். அதுதான் அவள் செய்த மடத்தனம். ரயில் கோமோவைத் தாண்டுவதற்குள் அவனிடமிருந்து போன் வந்தது. பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னானாம். அம்மா பியேராவிடம் சொன்னாளாம்.

"ஸ்டேஷனுக்கே வந்து நிப்பாளாம். வழியில எதையும் வாங்கித் தின்னு வயித்த நிரப்பிக்காத," என்றான், பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி.

உலை வாயை மூடலாம், இந்தக் குடும்பத்தின் வாயை யாரால் மூட முடியும்? ஒர்னெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லையில் இறங்கி, எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் ரயிலுக்கு மாறியதும் பியேராவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ரயில் தாமதம், எப்போது வரும் என்று தெரியாது, வீட்டிலேயே இருங்கள். போனை அணைத்தாள். பெலின்சோனாவுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி, டயர் கடைகளையும் கார் ஷெட்டுகளையும் ஒட்டிய சாலையில் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்தாள். ஐம்பத்தாறு வயதில் திருடி மாதிரி ஊருக்குள் நுழைய வேண்டியிருக்கிறதே என்று வழியெல்லாம் துல்லியோவைத் திட்டினாள்.

பெரிய கோட்டைக்கு ஏறியதும் திட்டு நின்றது. கல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பலகையையும் நின்று படித்தாள். "போதும் வா" என்று சொல்ல யாருமில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மதில்மேல் நடந்து வடக்கு மூலைக்கு வந்தபோது கீழே ஸ்டேஷன் தெரிந்தது. பிளாட்பாரத்துப் பெஞ்சில் ஒரு அகலமான வெள்ளைத் தொப்பி. பியேராவின் அந்தத் தொப்பி ஊரிலேயே ஒன்றுதான். தெற்கிலிருந்து ஒரு ரயில் வந்தது. தொப்பி எழுந்தது, கதவு கதவாகப் பார்த்தது, மறுபடி உட்கார்ந்தது.

வீட்டிலேயே இருக்கச் சொன்னேனே, என்று ஒர்னெல்லா பல்லைக் கடித்தாள். இன்னும் இரண்டு கோட்டைகள் பாக்கி. முதுகைத் திருப்பிக்கொண்டு மலைகளைப் பார்த்தாள். மலை மனதில் நிற்கவில்லை. திரும்பியபோது அடுத்த ரயில் வந்திருந்தது. தொப்பி மறுபடி எழுந்தது. அதற்கடுத்த ரயிலுக்கும் எழுந்தது. எரிச்சலைவிட வெட்கம் பெரிதாகிவிட்டது. இறங்கிவிட்டாள்.

ஸ்டேஷனில் சுரங்கப்பாதை வழியாக நுழைந்து, அப்போதுதான் வந்த ரயிலின் கூட்டத்தோடு கலந்து, களைத்த முகத்தோடு பெஞ்சுக்கு வந்தாள்.

"ரொம்ப லேட்டா?" என்றாள் பியேரா, கன்னத்தில் முத்தமிட்டபடி.

"ஆமா. நடுவழியில நின்னுடுச்சு."

"பாவம். மேல காத்து நல்லா வந்துச்சா?"

"எங்க மேல?" என்றாள் ஒர்னெல்லா.

"அந்தக் குடை கிறிஸ்மஸுக்கு நான் குடுத்தது. மதில்மேல கொடி மாதிரி புடிச்சுக்கிட்டு நின்னா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ரயில் வர்றப்பல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தீங்க?"

"நீதான் பாத்துக்கிட்டே இருந்தியே," என்றாள் பியேரா. பிறகு அவள் கையிலிருந்து குடையை வாங்கி மடக்கினாள். "சரி வா, களி ஆறிடுச்சு. மிச்ச ரெண்டு கோட்டையும் நம்ம ஜன்னல்லயே நல்லாத் தெரியும்."