இரண்டாவது வார்டின் வெள்ளைச் சீட்டு

என் கணவர் மோகன்குமார் ரஷ்யாவில் ஆறு வருடம் டாக்டருக்குப் படித்தவர். திரும்பி வந்து இங்கே எழுத வேண்டிய தேர்வில்தான் இன்னும் தேறவில்லை. அதனால் ஊரில் அவருக்கு டாக்டர் என்ற பெயர் வாய்க்கவில்லை, ரஷ்யா என்ற பெயர் வாய்த்தது. "ரஷ்யா கீறாரா வூட்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வருவார்கள். இப்போது வாலாஜாபாத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறார்.

எங்கள் ஊர் மானாம்பதி பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் மாமனார், மாமா என்றுதான் கூப்பிடுவேன், என்னைச் சும்மா விட மாட்டார்.

வைத்தியத்தைவிட என் கணவர் நன்றாகப் படித்துக்கொண்டு வந்தது ஒரு எம்.பி. தொகுதியின் கதையை. அவருடைய ஹாஸ்டல் இருந்த நடுநகரமே ஒரு தொகுதி. மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல அவர் அந்தத் தொகுதியின் தேர்தல்களைச் சொல்வார். முதல் தேர்தலில் ஒரு நாடக நடிகர் ஜெயித்தார். அடுத்து ஒரு தொழிற்சாலை மேனேஜர். அதற்கடுத்த தடவை, ஓட்டுச்சீட்டின் கடைசி வரியில் "யாரும் வேண்டாம்" என்று போட்டிருந்த கட்டத்துக்குத்தான் அதிக ஓட்டு விழுந்தது. அங்கே அப்போது அப்படி விழுந்தால் தேர்தலே செல்லாது. மறுபடி நடத்தினார்கள், ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஜெயித்தார். பிறகு கட்சிக்கு மட்டும் ஓட்டு என்று சட்டம் மாறி, தொகுதியே இல்லாமல் போனது. இரண்டு தேர்தல் கழித்துத் திரும்பி வந்தபோது அது பழைய தொகுதியாக இல்லை.

இந்த இடத்தை அவர் எப்போதும் தட்டை வைத்துத்தான் விளக்குவார். அன்றைக்குத் தட்டில் தோசை இருந்தது.

"இதான் டவுன். நட்ட நடுவுல இருக்கறவங்கோ எப்பவும் எதுத்துக்கினே ஓட்டுப் போடுவாங்கோ. அதுக்கு இன்னா பண்ணாங்கோ தெரியுமா?" என்று தோசையை நடுவிலிருந்து நாலாகப் பிய்த்தார். ஒவ்வொரு துண்டையும் சட்னியோடு சேர்த்துத் தள்ளினார். "ஒவ்வொரு துண்டையும் தூரத்துல கீற கிராமத்தோட சேத்துட்டாங்கோ. டவுன் ஓட்டு நாலா பூட்ச்சு. எங்க ஹாஸ்டல் லைப்ரரியில ஒரு அம்மா இருந்தாங்கோ. பூத்துக்குப் போயி சீட்டப் பாத்தா ஒரு பேரும் தெரியலன்னு அயுதாங்கோ."

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மாமா கிருஷ்ணசாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தத் தோசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

மாமா இரண்டாவது வார்டு மெம்பர். முப்பது வருடமாக அவர்தான், அதுவும் போட்டியே இல்லாமல். ஊர்த் தெருக்களில் மூன்று வார்டு, காலனியில் ஒரு வார்டு. ஊர் வார்டுகளில் தேர்தலே நடப்பதில்லை. நிற்க ஆசைப்படுகிறவர்கள் அம்மன் கோயிலில் கூடுவார்கள். பூசாரி ஆளுக்கொரு இலைப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் வைப்பார். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றவற்றில் சிவப்பு. வெள்ளை எடுத்தவர் மட்டும் மனு போடுவார், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். முப்பது வருடமாக அம்மன் மாமாவுக்குத்தான் வெள்ளைப் பூ கொடுத்துக்கொண்டிருந்தாள். பூசாரி மாமாவின் நிலத்தைத்தான் பயிர் வைக்கிறார். நான் எதையும் சொல்லவில்லை.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும், "ஓட்டுன்னா இன்னான்னு ஒலகத்துக்கே சொல்லிக் குடுத்த ஊருங்க இது" என்பார் மாமா. அவர் வார்டில் ஓட்டுப்பெட்டி எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

காலனி வார்டு அப்படியில்லை. அங்கே நிஜமாகவே போட்டி நடக்கும். அதில் இரண்டு தடவை ஜெயித்தவள் ஷாரோன். போன தடவை மாமாவுக்கு ஆகாத மற்ற இரண்டு ஊர் மெம்பர்களும் ஓட்டுப் போட்டு அவளைத் துணைத் தலைவராகவும் ஆக்கிவிட்டார்கள். துணைத் தலைவர் கையெழுத்து இல்லாமல் பஞ்சாயத்து செக் ஒன்றும் போகாது. ஷாரோன் வேலையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். வெறும் மண்ணைக் கொட்டி ரோடு என்று காட்டியதற்கு அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்த ரோடு மாமாவுக்கு வேண்டியவர் போட்டது. அன்றிலிருந்து மாமாவுக்கு அவள் பெயரைக் கேட்டாலே பேஜார். காலனியில் குழாயில் தண்ணீர் வருகிறதென்றால் அது அவளால்தான். எனக்கு அவளைப் பிடிக்கும். அதை ஒளித்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தோசை பிய்ந்து சில மாதங்களில் வார்டு எல்லை மாற்றிய வரைவு வந்தது. காலனி வார்டு இல்லை. காலனியின் மூன்று சந்தும் தனித்தனியாக மூன்று ஊர் வார்டுகளில் சேர்ந்திருந்தன. அதைத் தயார் செய்த இடத்தில் மாமாவுக்கு வேண்டப்பட்டவர்கள் இருந்தார்கள். ஷாரோனின் சந்து மாமாவின் இரண்டாவது வார்டில் வந்து விழுந்திருந்தது. காலனிக்காரர்கள் மனு கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். எதுவும் மாறவில்லை.

என் கணவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "நான் வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம் வளர்மதி" என்றார். கடைசியில் ஷாரோனிடமே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

அவள் குழாயடியில் குடத்தைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டாள். "அந்த ஊர்ல அப்பறம் இன்னாச்சுண்ணே?"

"நாலு துண்டும் ஆளுங்கட்சிக்கே பூட்ச்சு."

"அந்த லைப்ரரி அம்மா?"

"அவங்கோ அப்பறம் ஓட்டுப் போடவே போவலியாம்."

ஷாரோன் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "நான் போவேண்ணே. அவங்கோ ஒண்டியா இருந்தாங்கோ. இங்க அப்படியா?"

பூக்கட்டும் நாள் வந்தது. இந்தத் தடவையும் மாமாவும் அவருடைய பங்காளி கன்னியப்பனும்தான். கன்னியப்பன் ஒவ்வொரு தடவையும் ஆசையோடு வந்து சிவப்புப் பூவோடு வீட்டுக்குப் போகிறவர். பூசாரி இலையை விரித்து உட்கார்ந்தார். அப்போது ஷாரோன் நாலைந்து பெண்களோடு வந்து கோயில் மதிலுக்கு வெளியே தெருவில் நின்றாள்.

"பெரியவரே, நாங்களும் இப்ப ரெண்டாவது வார்டுதானே. எனக்கும் ஒரு பொட்டலம் கட்டுங்கோ. செவப்பு வந்தா நான் மனு போடல."

பூசாரி மாமாவைப் பார்த்தார். பொட்டலத்தை எடுக்க வேண்டுமென்றால் அவள் உள்ளே வர வேண்டும், சாமி முன்னால் நிற்க வேண்டும். காலனியிலிருந்து யாரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"கோயில் வயக்கம் வேற, வார்டு வேற" என்றார் மாமா.

"அப்ப வார்டுக்கு ஏன் கோயில்ல கட்றீங்கோ?"

மாமா அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பூசாரியைப் பார்த்து, "ரெண்டு மட்டும் கட்டுப்பா" என்றார்.

உள்ளே விட்டிருந்தால் அவர் கதையே வேறு. பூசாரி அவர் ஆள். ஷாரோனுக்குச் சிவப்பு வந்திருக்கும், அவளும் சொன்ன சொல் மாறாமல் ஒதுங்கியிருப்பாள். வரைபடத்தில் காலனியைத் தன் வார்டுக்குள் கொண்டுவந்த மனுஷருக்கு ஒரே ஒருத்தியைக் கோயிலுக்குள் விட மனம் வரவில்லை. ஓட்டை எண்ணத் தெரிந்தவருக்கு இதை எண்ணத் தெரியவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கன்னியப்பன் எழுந்து வேட்டியை உதறினார். "அந்தப் பொண்ணு கேக்கறது ஞாயந்தானேப்பா. வார்டுல பாதி வெளிய நின்னுக்கினு கீது. இது எப்படி செல்லும்? எனக்குப் பொட்டலம் வாணாம். நானும் மனு போடறேன்" என்றார். நியாயத்துக்காக அவர் எழுந்திருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடச் சிவப்புப் பூ அவரை எழுப்பிவிட்டது.

அப்படியாக இரண்டாவது வார்டில் முதல் தடவையாகத் தேர்தல் வந்தது. மாமா ஓட்டுக் கேட்டு எங்கேயும் போகவில்லை. "நம்ம ஆளுங்க எங்க பூடுவாங்கோ" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் தன் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு மட்டும் போனார். ஷாரோன் ஒரு வீடு விடாமல் போனாள். எங்கள் வாசலுக்கும் வந்தாள். மாமா கொல்லைப் பக்கம் போய்விட்டார். அத்தை மங்கம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஷாரோன் படிக்குக் கீழேயே நின்று கும்பிட்டு, "எனக்கு ஓட்டுப் போடுங்கம்மா" என்றாள். அத்தை முறத்தை நிறுத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடைக்கத் தொடங்கினார்.

ஓட்டுப்பதிவு அன்று அத்தையும் நானும் சேர்ந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். எனக்கு முன்னால் அத்தை. தலைவருக்கு, ஒன்றியத்துக்கு, மாவட்டத்துக்கு என்று கலர் கலராக மூன்று சீட்டு அவருக்குப் பழக்கம். இந்தத் தடவை வெள்ளையாக நாலாவது ஒன்று கொடுத்தார்கள்.

"எனக்கு இன்னாத்துக்கு ஒண்ணு ஜாஸ்தி குடுக்கற?" என்று அத்தை திருப்பி நீட்டினார்.

"ஜாஸ்தி இல்லம்மா. இது வார்டு மெம்பருக்கு. உங்களோடதுதான்" என்றார் அந்த அதிகாரி.

அத்தை மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அவரை அவசரப்படுத்தத் தோன்றவில்லை.

உத்திரமேரூரில் ஓட்டு எண்ணினார்கள். ஷாரோன் முதலில் வந்தாள். மாமா இரண்டாவது, கன்னியப்பன் மூன்றாவது. வித்தியாசத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருட்டுவதற்குள் காலனியில் வெடிச் சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, முகத்தில் காட்டாமல் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மாமா சாப்பிட உட்கார்ந்தார். தோசையைத் தொடவில்லை.

"அவங்கோ சந்து ஓட்டு மொத்தம் அதுக்கே உய்ந்துட்ச்சு, சரி. கன்னியப்பன் கொஞ்சம் பிரிச்சான், அதுவும் சரி. மிச்சம் எவன் போட்டான்?" என்று கேட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். "டேய், நீயா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் போட்டேன் என்று சொல்லிவிடுவது என்று கரண்டியைக் கீழே வைத்தேன். அதற்குள் சட்னி வைக்க வந்த அத்தை சொன்னார்.

"நான் போட்டேன்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "நீயா? உன்ன யாருடி கேட்டது?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. வூட்டு வாசல்ல நின்னு, எனக்குப் போடுங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுச்சு." அத்தை குனிந்து அவர் தட்டில் சட்னியை வைத்தார். "நீ இதே வூட்லதானே இருந்த? நீ கேக்கவே இல்லியே."