முதலில் தேதி

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரின் திரைக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் ‘முதலில் தேதி’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். ஒட்டியவள் நான்தான். அதைக் கிழித்துப் போட்டவளும் நான்தான். பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், முழுசாகக் கட்ட முடியவில்லை. தலைமையாசிரியர் சில்விம்பாவின் தலையில் பாதியைக் கட்டலாம். கட்டத்தான் போகிறேன்.

சிடிபா டவுனிலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம் வந்தால் எங்கள் மிஷன் பள்ளி. பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர், பதினாறு வயதானது. வெளிநாட்டுப் புண்ணியவான்கள் யாரோ தங்களுக்கு வேண்டாமென்று அனுப்பி வைத்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று அதன் வயிற்றுக்குள் வட்டமாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது செத்துப் பல வருஷம் ஆகிறது. கரண்ட் போய் வந்தால் போதும், மெஷின் தன் பிறந்த நாளுக்கே திரும்பிவிடும்: 2009 ஜனவரி 1. எங்கள் பக்கம் கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று தடவை போகும். அதனால் யார் உட்கார்ந்தாலும் முதலில் தேதியைத் திருத்துவார்கள், சாப்பிடுமுன் கை கழுவுகிற மாதிரி. எங்கள் சமையல்காரருக்குக்கூட அந்தப் பழக்கம் உண்டு.

போன வருஷம் மிஷன் தலைமையகம் ஒரு புது மென்பொருளை அனுப்பியது. இடமாற்றம் கேட்கும் ஆசிரியர்கள் இனிமேல் காகிதத்தில் எழுதக் கூடாது. மே மாதம் இரண்டு வாரம் மட்டும் நேரம், ஆளுக்கு ஒரே ஒரு மனு. படிவத்தை நிரப்பி ‘முத்திரை’ என்ற பொத்தானை அழுத்தினால், அது அன்றைய தேதியோடு பூட்டிக்கொள்ளும். பிறகு கடவுளாலும் திருத்த முடியாது. அதை பென் டிரைவில் எடுத்துப் போய் சிடிபா அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

அந்த மென்பொருளை எங்கள் மெஷினில் போட்டேன். ‘புது சிஸ்டம் இருந்தால்தான் ஓடுவேன்’ என்றது. புது சிஸ்டத்தைப் போட்டேன். ‘இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை’ என்றது. தகுதி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருஷமாக டிப்ளமோ வைத்துக்கொண்டு பட்டதாரிகளின் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

இதில் அதிகம் தவித்தவன் லிம்பானி, எங்கள் புவியியல் ஆசிரியன். அவன் மனைவி எலூபி இதே மிஷனின் இன்னொரு பள்ளியில் ஆசிரியை. அந்தப் பள்ளி நாட்டின் தெற்குக் கோடியில், ன்சாஞ்சேயில் இருக்கிறது. நாங்கள் வடக்குக் கோடி. பஸ்ஸில் இரண்டு நாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் லீவுகளையெல்லாம் கூட்டினாலும் சேர்ந்து இருந்தது ஐந்து மாதம் தேறாது. அவன் காகிதத்தில் எழுதிய மனு இரண்டு தடவை வழியிலேயே தொலைந்து போயிருந்தது.

“அக்கா, இந்தத் தடவை காகிதம் இல்ல, தொலையாது” என்றான். “எலூபி தீர்த்துச் சொல்லிட்டா. இந்த வருஷமும் வந்து சேரலைன்னா இதுக்குப் பேரு கல்யாணம் இல்ல, போன் சிநேகம்னு. எப்படியாவது இந்த மெஷின்ல ஓட வச்சுடுங்க.”

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தேன். தகுதி பார்க்கிற இடத்தை ஏமாற்றித் தாண்டினேன். உள்ளே வந்த புது சிஸ்டம் மூச்சு வாங்கியது. அதன் நகைநட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். படம், நிழல், சத்தம், செய்தி எல்லாம் போயிற்று. கடைசியில் திரையின் மூலையில் ஓடுகிற கடிகாரத்தையும் எடுத்தேன். தேதி பற்றிக் கவலையில்லை. புது சிஸ்டம் இணையத்திலிருந்து சரியான தேதியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது சனிக்கிழமை அந்த மென்பொருள் திறந்தது. ஸ்டாஃப் ரூமுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். இரண்டு நாள் என் கால் தரையில் படவில்லை.

“ம்சுக்வா டீச்சர், கிழவிக்கு ஹை ஹீல்ஸ் மாட்டி விட்டிருக்கீங்க. எங்கயாவது விழுந்து வைக்கப் போறா” என்றார் சில்விம்பா.

“உங்க காரை விட நல்லாத்தான் ஓடறா சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் தன் கார்ச் சாவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பொத்தான் வேலை செய்யவில்லையாம். நான் கம்ப்யூட்டருக்கென்று ம்சூசு டவுனிலிருந்து வாங்கி வந்து மேசை இழுப்பறையில் வைத்திருந்த வட்ட பேட்டரி அதற்கும் பொருந்துமாம்.

“அது கம்ப்யூட்டருக்கு சார். இன்னிக்குப் போடலாம்னு இருந்தேன்.”

“தேதியை அதுவே எடுத்துக்கும்னு நேத்து மார் தட்டினது யாரு? என் காரு தானாத் திறந்துக்காது டீச்சர்.”

சாவியை நுழைத்துத் திருகினால் எந்தக் கார்க் கதவும் திறக்கும். ஆனால் பத்தடி தள்ளி நின்று அழுத்தி, அது ‘கீக்’ என்றால்தான் அந்த மனிதருக்குக் கார் தன்னுடையது என்று தோன்றும். கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் போய், அவர் பார்க்க வேண்டுமென்றே அந்தச் சிவப்பு மைக் காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். வாய்ச் சவடாலுக்கு ஒரு எல்லை வேண்டாமா?

மனுவோடு சேர்க்க, இடம் காலியாக இருக்கிறதென்று எலூபியின் பள்ளியிலிருந்து லிம்பானிக்கு ஒரு கடிதம் வர வேண்டியிருந்தது. பஸ் ஓட்டுநர் கையில் அது வந்து சேர்ந்தது கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம். கடைசி நாள் காலையில் எட்டு மணிக்கே அவன் வந்து உட்கார்ந்தான். ஒன்பதுக்குக் கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. அதற்குள் செல்போன் கோபுரமும் படுத்துவிட்டதால் இணையம் இல்லை. ஐந்து மணிக்கு சிடிபா அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள்.

மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து, ஏதோ ஒரு விசையை அழுத்தச் சொன்னது. வருஷக்கணக்காக வருகிற வரிதான். படிக்காமலே விரல் அழுத்தியது. சிஸ்டம் எழுந்து உட்கார இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டது. லிம்பானி கையில் மண்டாசி போண்டாவை வைத்துக்கொண்டு, தின்ன மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, தேதி போட வேணாமா?”

“அதெல்லாம் பழைய கதை. உனக்கு ஊர் போய்ச் சேரணுமா, என்கிட்ட பாடம் கேக்கணுமா? டைப் பண்ணு.”

என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அப்படியே இவைதான். அவன் நிரப்பினான். எலூபியின் பெயரை மூன்று தடவை சரிபார்த்தான். முத்திரையை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்துக் கடைக்காரரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய், நாலே முக்காலுக்குக் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தான். அன்று எல்லோருக்கும் ஃபான்டா வாங்கிக் கொடுத்தான்.

ஜூலையில் பதில் வந்தது. ஸ்டாஃப் ரூமில் நின்றபடி உரக்கப் படித்தான், நல்ல சேதியென்று நினைத்து.

‘மனு நிராகரிக்கப்படுகிறது. மனு செய்த தேதியில் மனுதாரர் பணியில் இல்லை. பணியில் சேர்ந்த ஆண்டு: 2018. மனு செய்த தேதி: 1 ஜனவரி 2009.’

முதலில் சில்விம்பாதான் சிரித்தார். “2009-ல நீ என்னடா பண்ணிட்டிருந்தே?”

“பதினாலு வயசு சார். ஆடு மேய்ச்சிட்டிருந்தேன்” என்றான் லிம்பானி. அவனும் சிரித்தான், என்னைப் பார்க்கும் வரைக்கும். என் முகத்தில் இருந்ததைப் படித்துவிட்டான்.

இரண்டு பேருமாக சிடிபாவுக்குப் போனோம். அங்கே கயாங்கே என்றொரு அதிகாரி, நல்ல மாதிரியான மனிதர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“சார், 2009-ல இந்த மென்பொருளே கிடையாதே” என்றேன்.

“எனக்குத் தெரியும் மேடம். சிஸ்டத்துக்குத் தெரியாதே.”

“நீங்க தலைமையகத்துக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?”

“முத்திரை விழுந்தா விழுந்ததுதான். ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். அடுத்த மே மாசம் பார்த்துக்கலாம். தேதியை மட்டும் கவனிச்சுக்கிட்டா போதும்.”

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். பேட்டரி கார்ச் சாவிக்குப் போனதைச் சொன்னேன், கடிகாரத்தைக் கழற்றியதைச் சொன்னேன். அவன் கேட்டும் நான் அதட்டினேனே, அதையும் சொன்னேன். ‘விடுங்க அக்கா’ என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எனக்கே தோணிச்சு அக்கா. நீங்க படிச்சவங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்” என்றான். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. எனக்கு அது போதாது என்றுதான் தோன்றியது.

எலூபி போனில் முதலில் சிரித்தாளாம். “2009-லயா? அப்ப எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னு உங்க ஆபீஸே சொல்லுது” என்றாளாம். இரண்டாம் தடவை அதையே சொன்னபோது சிரிப்பு இல்லையாம். கிறிஸ்துமஸுக்கு அவன் இரண்டு நாள் பஸ்ஸில் போய், நாலாம் நாளே திரும்பி வந்துவிட்டான்.

இந்த மே மாதம் மறுபடி நேரம் திறந்தது. மூன்று பேட்டரி வாங்கி வைத்திருந்தேன். ஒன்றை மெஷினில் போட்டேன், கடிகாரத்தை மூலையில் திருப்பி வைத்தேன், புதுக் காகிதம் எழுதி ஒட்டினேன். முதல் நாள் காலையிலேயே ஆளனுப்பி அவனைக் கூப்பிட்டேன்.

வந்தான், உட்காரவில்லை. திரையின் மூலையைக் குனிந்து பார்த்தான்.

“இப்ப சரியாக் காட்டுது.”

“உட்காரு தம்பி. இன்னிக்கே முடிச்சிடலாம், முதல் ஆளா.”

“எங்க போறதுக்கு அக்கா?” என்றான். “மிஷன் பதிவேட்டுல புருஷன்னு இருக்கற இடத்துல என் பேரை எடுக்கச் சொல்லி எலூபி தலைமையகத்துக்கு எழுதிப் போட்டுட்டா. காகிதத்துலதான் எழுதியிருக்கா. அது வழியில தொலையவே இல்ல. ஒரே வாரத்துல போய்ச் சேர்ந்துடுச்சு.”

மணி அடித்தது. அவன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். வெளியே சில்விம்பாவின் கார் ‘கீக்’ என்றது. நல்ல பேட்டரி அது. ம்சூசுவில் நாலு கடை ஏறி இறங்கி, பார்த்துப் பார்த்து நான் வாங்கியது.