எட்டாத கேபிள்

அக்காவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. செல்போனில் யார் முகம் வந்தாலும் அவளுக்கு வெறும் கலங்கல். நல்ல வேலையை உதறிவிட்டுக் கப்பலில் சமைக்கப் போகிறேன் என்று கிளம்பிய மகனிடம், "இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று சொன்னவள் அவள்தான். அவனும் ரோஷக்காரன், இரண்டு வருடமாக முழிக்கவில்லை. இப்போது அவனாகவே வீடியோ காலில் பேசுகிறேன் என்று சொல்லியனுப்ப, கண் முழுசாக இருட்டுவதற்குள் அவனைப் பார்த்துவிட வேண்டும் என்று என் உயிரை வாங்கினாள்.

வீட்டில் பெரிய எச்.டி. டிவி இருக்கிறது, லேப்டாப்பை அதில் இணைத்தால் அவன் முகம் பெரிதாகத் தெரியும். என் லேப்டாப் அதற்குத் தாத்தா. இப்போது வரும் கேபிள் எதுவும் அதில் நுழையாது. நீலத் தலை வைத்த பழைய கேபிள்தான் சேரும். நல்லவேளை, டிவியின் முதுகிலும் அதற்கு ஒரு இடம் விட்டிருந்தார்கள்.

கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை இன்னுமா வச்சிருக்கீங்க? ஒரே ஒரு கேபிள் கிடக்கு, நீளம் கம்மி. படம்தான் டிவிக்குப் போகும். சத்தம் லேப்டாப்புலயேதான் வரும்."

"வந்தா போதும், குடுங்க" என்றேன்.

டிவி சுவரில் ஆணியடித்து மாட்டியது. கேபிள் எட்டியது பக்கத்து மூலை வரைதான். அங்கே ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தேன். அக்காவை டிவிக்கு நேர் எதிரே உட்காரவைத்தேன். கேமரா மூலையில் இருக்கிறது, அதற்கு அவள் காதுதான் தெரியும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அக்கா மகன் காலில் வந்தான். டிவி முழுக்க அவன் முகம். அக்கா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"மாமா, அம்மா ஏன் அந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்காங்க?" என்று மூலையிலிருந்து அவன் குரல் வந்தது.

"உன்னைத்தான்டா பார்க்கிறா."

"சும்மா சொல்லாதீங்க. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்காங்க. அவங்களை எனக்குத் தெரியாதா?"

நான் விளக்குவதற்குள் அக்கா எழுந்து டிவியை நோக்கி நடந்தாள். அவனுக்கு மிச்சமிருந்தது காலி நாற்காலி.

"எழுந்தே போயிட்டாங்க. சரி மாமா, வச்சிடறேன்."

"வச்சுத் தொலைக்காதடா, இரு" என்று லேப்டாப்பை அப்படியே தூக்கி அவள் பக்கம் திருப்பினேன். கேபிள் பிடுங்கிக்கொண்டது. டிவி கறுத்துப்போனது.

அவன் கன்னம் இருந்த இடத்தில் அக்காவின் உள்ளங்கை இருந்தது.

"போயிட்டானா?" என்றாள், கையை எடுக்காமல்.

"இல்லம்மா. இங்கதான் இருக்கேன்." குரல் அவள் முதுகுக்குப் பின்னால், என் கையிலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. கறுத்த டிவியைத் தடவியபடியே, "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சேடா உனக்கு" என்றாள்.

அவன் அழுததை அவள் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.