சி பிளாக்கில் தண்ணீர் வந்த விதம்

வளைகுடா நாட்டுச் சோனாப்பூரில் ஒரு கட்டட கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில், மே மாதத் தொடக்கத்திலிருந்து சி பிளாக் குழாய்களைத் திறந்தால் தண்ணீருக்குப் பதிலாக முதல்வர் சாதிக் பாட்ஷாவின் குரல் வந்தது. கொஞ்சமாகத் திருகினால் மெதுவாகவும் முழுக்கத் திருகினால் சத்தமாகவும் வந்தது. குளிக்கிற இடத்துக் குழாய் 'டேங்கர் எங்கள் அதிகாரத்தில் இல்லை' என்றது. கை கழுவுகிற குழாய் 'பரிசீலனையில் இருக்கிறது' என்றது. கக்கூஸ் குழாயில் எப்போதும் நன்றியுரை. பெஷாவர்க்காரரான பிளம்பர் அம்மார் பைப்பைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பைப் டீக் ஹை பாய், பானி மாஃபி", பைப் சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்று சொல்லி மறுபடி மாட்டிவிட்டுப் போனார். முகத்தில் சோப்புப் போட்டுவிட்டுக் குழாயைத் திருகியவர்கள் அந்தச் சோப்போடே பஸ் ஏறினார்கள்.

முதல்வர் என்றால் ஊர் நாட்டுக்கு அல்ல, கேம்ப்புக்கு. முந்தின வருஷம் யாரோ எங்கேயோ புகார் கொடுத்து, கேம்ப்பைப் பார்க்க ஆட்கள் வந்து போனார்கள். அதற்கப்புறம் கம்பெனி வேல்ஸிலிருந்து ஒரு வெல்ஃபேர் ஆபீஸரைக் கொண்டுவந்தது. தன் ஊரில் பெரிய பார்லிமென்ட் சின்னப் பார்லிமென்டுக்கு அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்ததை அவர் மெஸ் ஹாலில் நின்று விளக்கினார். தெலுங்கில் ஒருத்தர், வங்காளத்தில் ஒருத்தர், தமிழில் ஸ்டோர் கீப்பர் சாதிக் பாட்ஷா என்று மொழிபெயர்த்தார்கள். தண்ணீர்ப் பங்கு, சமையல், பஸ் வரிசை, கூட்டிப் பெருக்குவது ஆகியவை இனிமேல் கேம்ப் சபைக்கு. சம்பளம், பாஸ்போர்ட், லீவு, டூட்டி நேரம், தண்ணீர் டேங்கர் ஆகியவை கம்பெனிக்கே. ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தன் மாடிக்கு நிற்கிற ஆளுக்கு, இன்னொன்று தன் பாஷைக்கு. அந்த இரண்டாவது ஓட்டால்தான் ஒரு ரூமே நிறையாத பட்டான்களுக்கும் ஒரு சீட் கிடைத்தது. ஜெயித்தவர்கள் கூடி ஒரு முதல்வரைத் தேர்ந்தெடுப்பார்கள், முதல்வர் மந்திரிகளைப் பிடிப்பார். ஞாயிறு தோறும் சபையில் யார் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். பாதிக்கு மேல் கை தூக்கினால் அரசு விழும். விழுந்த ஒரு மாதத்துக்குள் புது அரசு அமையாவிட்டால் சபை கலைந்து எல்லா அதிகாரமும் கம்பெனிக்குத் திரும்பும். ராஜினாமா என்று ஒன்று உண்டென்பதை எழுத ஆபீஸர் மறந்துவிட்டார். அதைக் கேட்கலாமென்று போனபோது அவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போயிருந்தார்.

சி பிளாக்கில் மேல் மாடிக்கு ஜெயித்தவர் யோகநாதன். கிளிநொச்சிக்காரர், எலெக்ட்ரீசியன். "எங்கட ஊரிலயும் மாகாண சபை எண்டு ஒண்டு தந்தவை. கதிரை இஞ்ச, சாவி கொழும்பில. இப்ப கனகாலமா எலக்சனே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நிற்கவே மாட்டேன் என்றவர். தியாகுவின் காலுக்காகத்தான் நின்றார்.

தியாகு அதே ரூமில் கீழ்க்கட்டில், பரமக்குடிப் பக்கம், கான்கிரீட் வேலை. ஈரக் கான்கிரீட் பூட்ஸுக்குள் இறங்கினால் சுண்ணாம்பு தோலைத் தின்னும். வேலை விட்டதும் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வேகும். தியாகுவின் விரலிடுக்குகள் வெளுத்து, வெடித்து, பாதம் முழுக்க வெந்திருந்தது. குடிக்கிற கேன் தண்ணீரைக் காலில் ஊற்றினால் ரூமே திட்டும். செப்டம்பரில் கம்பெனி கிளினிக்கில் எல்லோரையும் பார்ப்பார்கள். 'அன்ஃபிட்' என்று எழுதினால் கலாஸ், கதை முடிந்தது, டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள். அனுப்பப்பட்டவனுக்கு அந்த கம்பெனி மறுபடி விசா கொடுத்ததில்லை.

தண்ணீர் இல்லாமலும் இல்லை. வெயில் காலத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் தோலை உரிக்கும் என்பதால், அதைப் பெரிய நீல டிரம்களில் பிடித்து ரூமுக்குள் ஏசியில் ஆறவைத்துக் குளிப்பது கேம்ப் வழக்கம். மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தது ஏ பிளாக். அவர்கள் ரூமுக்கு ரெண்டு மூணு டிரம் நிரப்பி முடிக்கும்போது, கடைசியில் இருந்த சி பிளாக்குக்கு வெறும் காற்றுதான் மிச்சம். சபை வருவதற்கு முன்னாலும் இதே கதைதான். அப்போது குழாயில் தண்ணீரும் இல்லை, குரலும் இல்லை.

யோகநாதன் ஞாயிறு தவறாமல் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்டார். டிரம் பிடிப்பதை எப்போது நிறுத்துவீர்கள்? தண்ணீர்ப் பங்கு சபையின் அதிகாரம், அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் சாதிக் பாட்ஷாவின் ஓட்டு பாதி ஏ பிளாக்கில் இருந்தது. டேங்கர் கூட வந்தால் எல்லாம் சரியாகும், டேங்கர் கம்பெனியுடையது, கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம் என்று அழகாகப் பதில் சொன்னார். அவர் சபையில் சொன்னது மறுநாள் விடியும்போது சி பிளாக் குழாயில் வந்தது. ஒருநாள் மெஸ் வரிசையில் தியாகு அவரை மறித்தான். "பாட்சா பாய், ஒங்க பேச்சுல காலைக் கழுவிப் பாத்தேன். எரியுது." சாதிக் பாட்ஷாவுக்குச் சுருக்கென்றிருந்தது. "தம்பி, நான் என்ன பொய்யா சொல்றேன்? டேங்கர் நம்ம கையில இல்லதானே?" என்றார். அதுவும் உண்மைதான்.

ஜூன் கடைசியில் யோகநாதன் வங்காளிகளையும் நேபாளிகளையும் சேர்த்துக்கொண்டு அரசைக் கவிழ்த்தார். கைகளை எண்ணி முடிப்பதற்குள் சி பிளாக்கிலிருந்து சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் எல்லாக் குழாயிலும் தண்ணீர். ஏ பிளாக் டிரம்கள் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன, டேங்கரும் பழைய கணக்குக்குத்தான் வந்தது, ஆனாலும் சி பிளாக்கில் தண்ணீர் வந்தது. அதுவும் அந்த வெயிலில் குளிர்ந்த தண்ணீர். தியாகு குழாயடியில் உட்கார்ந்து காலை நீட்டினான், எழுந்திருக்க மனசில்லாமல் வெகுநேரம் இருந்தான். புண் காய ஆரம்பித்தது. ஏன் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. துவைக்க வேண்டிய துணி அவ்வளவு இருந்தது.

மாதம் முடியப்போனது. அரசு அமைக்காவிட்டால் அதிகாரம் கம்பெனிக்குப் போகும். கவிழ்க்கக் கை தூக்கியவர்கள் எல்லோரும் ஆளக் கூட வரவில்லை, யோகநாதனுக்குக் கை பத்தவில்லை. ஏ பிளாக் உறுப்பினர்கள் வந்து, நீங்களே முதல்வராக இருங்கள், டிரம்மில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றார்கள். உள்ளே போய்விட்டால் மெல்ல மெல்லச் சரி செய்யலாம் என்று நினைத்து ஒத்துக்கொண்டார். பதவியேற்ற அன்றே தண்ணீர் நின்றது. முதல் ஞாயிறு, எதிர்வரிசையிலிருந்து சாதிக் பாட்ஷா எழுந்து சாந்தமாகக் கேட்டார். டிரம் பிடிப்பதை எப்போது நிறுத்துவீர்கள்?

மறுநாள் தியாகு யோகநாதனைக் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனான்.

"கேளுங்கண்ணே."

திருகினான். குழாய் கிளிநொச்சித் தமிழில், இதைக் கட்டங்கட்டமாத்தான் செய்யலாம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ என்றது.

"என்ரை குரலாடா அது?"

"பாட்சா பாய் சவுண்டே தேவலண்ணே. அவரு பேசுனா தூக்கமாச்சும் வரும்." சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினான். காய்ந்திருந்த இடம் மறுபடி வெடித்திருந்தது. செப்டம்பருக்கு அதிக நாள் இல்லை.

யோகநாதன் விலகலாமென்று பார்த்தார், சட்டத்தில் வழியில்லை. தன்னைக் கவிழ்க்கச் சொல்லி உறுப்பினர்களிடம் கேட்டார். ஏ பிளாக்காரர்கள் அவர் தோளைத் தட்டி, நன்றாகத்தானே ஆளுகிறீர்கள் என்றார்கள். அந்த ஞாயிறு அவர் எழுந்து, இன்றிலிருந்து எந்த பிளாக்கிலும் டிரம் பிடிக்கத் தடை, இது அரசின் உத்தரவு என்றார். ஜெயித்த நாளிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது அதுதான். அவர் உட்காருவதற்குள் ஏ பிளாக்கின் கைகள் எல்லாம் மேலே போயிருந்தன. யோகநாதனும் தன் கையைத் தூக்கினார். அரசு விழுந்தது, அதோடு தடையும் விழுந்தது. சி பிளாக்கில் தண்ணீர் வந்தது.

செப்டம்பரில் கிளினிக் டாக்டர் தியாகுவின் பாதத்தைப் புரட்டிப் பார்த்து 'ஃபிட்' என்று எழுதினார். மத்தியானமே பஸ் பிடித்து அவன் மறுபடி கான்கிரீட்டில் இறங்கினான். "நீங்க ஆளவே ஆளாதீங்கண்ணே, அது போதும்" என்று யோகநாதனிடம் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் கேம்ப்பில் அதுவே நடைமுறையாகிவிட்டது. ஒரு அரசு விழுந்தால் ஒரு மாதத் தண்ணீர். மாதக் கடைசியில் யாரையாவது பிடித்து முதல்வராக்குவார்கள். அவர் குரல் ரெண்டு மூணு வாரம் குழாயில் வரும். கூட்டம் சலித்ததும் அவர் எழுந்து டிரம்முக்குத் தடை போடுவார், ஏ பிளாக் கை தூக்கும். டிரம் தடை இதுவரை எல்லாப் பாஷைகளிலும் அறிவிக்கப்பட்டாயிற்று. ஒரு டிரம்கூட நகரவில்லை. சபை சுறுசுறுப்பாக இயங்குவதாகவும், ஆட்சியாளர்கள் உடனுக்குடன் கணக்குக் கேட்கப்படுவதாகவும் கேம்ப்பை மேய்க்கிற கம்பெனி ஆளான கேம்ப் பாஸ் ஹெட் ஆபீஸுக்கு எழுதுகிறார். அதுவும் பொய்யில்லை.

இப்போது ஆட்சி மறுபடி சாதிக் பாட்ஷாவுடையது. குழாயில் அவர் குரல் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்று சி பிளாக்கில் சொல்கிறார்கள். பல் தேய்த்துக்கொண்டே கேட்கிறார்கள், நன்றியுரை வந்ததும் மூடிவிடுகிறார்கள். வருகிற ஞாயிறு அவர் தடை போடுவதாக இருக்கிறது. வாளிகளைத் துடைத்து, பேர் எழுதி, குழாயடியில் வரிசையாக வைத்தாயிற்று.