கையை எடுத்தாலும் நிற்கும் திருப்புளி

"இதுவும் இல்ல" என்றார் ஹாலிஸ். கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரலால் முனையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்புளியைப் போர்வையின்மேல் விட்டார்.

நோரீன் அதை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். காலையிலிருந்து நான்காவது தடவை. வேலைமேசைக்கு மேலே, துளை போட்ட பலகையில் முப்பத்தேழு திருப்புளிகள் வரிசையாக நின்றன. பழைய சாமான் விற்பவர்களிடமும் இறந்துபோன தச்சர்களின் பெட்டிகளிலும் அவர் பொறுக்கி வந்தவை. மரப்பிடிகள் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தன. ஒவ்வொன்றின் முனையையும் ஏதோ ஒரு பழைய துப்பாக்கியின் ஏதோ ஒரு திருகாணிக்கென்று சாணை பிடித்து வைத்திருந்தார். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அந்தப் பலகையை அவள் தூசி தட்டியதோடு சரி.

தொலைவில், மலைக்கு அந்தப் பக்கம், இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை அது. பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. நடக்க முடிந்த ஆண்கள் யாரும் ஊரில் இல்லை. ஹாலிஸ் மட்டும் முன்னறையில், ஜன்னலைப் பார்த்துப் போட்ட கட்டிலில் கிடந்தார். ஈரலில் தொடங்கிய நோய் இப்போது எங்கும் பரவியிருந்தது. காலையில் வந்த நர்ஸ் நாக்குக்கு அடியில் மருந்துச் சொட்டு விடுவதை இன்னொரு தடவை காட்டிக்கொடுத்தாள். பிறகு வாசலில் நின்று, இன்றோ நாளையோ என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வண்டி சாலையில் திரும்பிய சத்தம் அடங்கியதும் ஹாலிஸ் தம்முடைய அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். டுவைட்டுக்கும் போன் போடச் சொன்னார்.

டுவைட் அவருடைய தம்பி. ஒன்பது மைல் தள்ளித்தான் வீடு. ஆனால் அந்த வீட்டு வாசலை ஹாலிஸ் மிதித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அப்பா எல்டன் இறந்தபோது துப்பாக்கி சின்னவனுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அடக்கத்துக்கு முந்தின நாள் டுவைட் அதைத் துடைத்து வைக்கலாம் என்று சமையலறை மேசையில் போட்டு, இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒரு திருப்புளியால் திருகாணியை நெம்பினார். கடைத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்து போகும். திருகாணித் தலையில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் அடிவரை இறங்காது. விளிம்பில் ஏறி வழுக்கிவிட்டது. திருகாணியின் தலை ஒரு பக்கம் பிய்ந்தது. பக்கத்துத் தகட்டில் செதுக்கியிருந்த காட்டுக்கோழியின் கழுத்துக்குக் குறுக்கே ஓர் அங்குலக் கீறல் விழுந்தது. ஹாலிஸ் துப்பாக்கியைப் பிடுங்கி, இதைத் தொடவே உனக்கு யோக்கியதை இல்லை என்று உறவினர் கூடிய இடத்தில் சொல்லிவிட்டார். டுவைட் துப்பாக்கியை அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. கல்யாணங்களில் இருவரும் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள். மனைவிமார் இரண்டு பேரும் கிறிஸ்துமஸுக்கு அட்டையும் ஊறுகாய்ப் புட்டிகளும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

போனில் டுவைட்டின் மனைவி பெத், அவர் விடியுமுன் காட்டுக்குப் போய்விட்டார் என்றாள். ஹாலிஸ் அழைக்கிறார் என்றதும், அவர் எந்த மரத்தடியில் உட்காருவார் என்று தனக்குத் தெரியும், தானே போய் அழைத்து வருவதாகச் சொன்னாள்.

ஐந்தாவது தடவை நோரீன் வரிசையை விட்டுவிட்டு, மேசையின் மூலையில் சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்த ஒன்றை எடுத்தாள். மற்றவற்றைவிடக் குட்டை. முனை மெல்லியது. இரண்டு பக்கமும் சரியாமல் நேராக இறங்கியிருந்தது. அவளும் இருபது வருடம் கோட்டுத் தொழிற்சாலையில் தைத்தவள்.

"பட்டுக்கும் கம்பளிக்கும் ஒரே ஊசியா போடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே அதை அவர் கையில் வைத்தாள். "முதல்லயே அளவு சொல்லியிருந்தா நாலு தடவ படி ஏறி இறங்கியிருக்க மாட்டேன்."

கட்டைவிரல் முனையின்மேல் நின்றது. அவர் உதட்டோரம் அசைந்தது. "ஊசி வேலைதான் இதுவும். இப்ப வச்சுப் பாரு. கைய எடுத்தா நிக்கணும்."

குழல்கள் காலியாக இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அவள் மடியில் துண்டு விரித்துத் துப்பாக்கியைக் கிடத்தினாள். பிய்ந்த காடியில் முனையை இறக்கினாள். அது அடிவரை போய் உட்கார்ந்தது. அகலத்தில் தலையைவிட ஒரு மயிரிழைகூட வெளியே நீட்டவில்லை. கையை எடுத்தாள். திருப்புளி துப்பாக்கியின்மேல் மெழுகுவர்த்தி போல அசையாமல் நின்றது.

"நிக்குது."

"நிக்கும். அதுக்குன்னே பிடிச்சது."

பிய்ந்த திருகாணிக்குப் பதிலாகப் போட வேண்டிய புதியது எங்கே என்று கேட்டாள். புகையிலை டப்பாவில், அலமாரிக்குப் பின்னால் என்றார். அதை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். உள்ளே பட்டன் கிடக்கிறது என்று நினைத்திருந்தாள். திறந்தபோது பஞ்சுக்குள் ஒரு திருகாணி இருந்தது. அவரே கடைந்து, மரை வெட்டி, தலையில் இலைக்கொடி செதுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க நீலம் ஏற்றியிருந்தார்.

"இது எப்ப செஞ்சது?"

"பன்னெண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப ஏன் அன்னைக்கே மாத்தல?"

அவர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தாள்.

"மாத்திட்டா அவன்மேல கோவப்பட என்ன இருக்கும்?" என்றார்.

நோரீன் துண்டை இழுத்துச் சரிசெய்தாள். தகட்டின் கீறலையும் தேய்த்து மறைக்கவேண்டுமா என்று பிறகு கேட்டாள். அது கிடக்கட்டும், கோழி அதோடு பழகியிருக்கும் என்றார்.

முதலில் இறுக்கச் சொன்னார். கழற்ற வேண்டியதை ஏன் இறுக்குவது என்று அவள் கேட்க, பிடிவாதக்காரனை எதிர்ப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால்தான் இந்தப் பக்கம் வருவான் என்றார். அவர் குடும்பத்துக்கே பொருந்துகிற பேச்சு என்று நினைத்துக்கொண்டாள். அவர் கையைத் தூக்கித் துப்பாக்கிக் கட்டையின்மேல் வைத்துவிட்டாள். மரம் வழியாகவாவது அவருக்குத் தெரியட்டும். பிறகு உடம்பின் பாரத்தை எல்லாம் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து அழுத்தினாள். அசையவில்லை. எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்யத் தொடங்கியிருந்தது. அவர் மூச்சு ஏறி, நின்று, மறுபடி ஏறியது. அந்த நிறுத்தங்களை எண்ணாமல் இருக்கத்தான் அவள் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது அழுத்தலில் உள்ளே எங்கோ சின்னதாக ஒரு முறிவு கேட்டது. காடி பிழைத்தது, ஆணி திரும்பியது. கட்டையின்மேல் இருந்த அவர் விரல் ஒரு முறை தட்டியது.

"வந்துடுச்சு ஹாலிஸ்."

"ம்."

பழைய ஆணியை எடுத்துப் பக்கத்தில் இருந்த சட்டிக்குள் போட்டாள். புதியதை முதலில் விரலால் சுற்றினாள். மரை மரையாக வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கடைசிச் சுற்றுக்குத் திருப்புளியை வைத்தாள். மற்ற ஆணிகளின் காடிகள் எல்லாம் ஒரே திசையில் கிடப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"காடி எந்தப் பக்கம் பாக்கணும்?"

பதில் வர நேரமாயிற்று.

"குழல் பக்கம்" என்றார், மூச்சோடு மூச்சாக.

அவள் குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் யோசித்து, இன்னும் கொஞ்சம் திருப்பினாள். காடி குழலுக்கு நேராக வந்து நின்றது. துண்டின் நுனியால் எண்ணெயைத் துடைத்தாள். சரியாக இருக்கிறதா பார் என்று துப்பாக்கியைச் சாய்த்துக் காட்ட நிமிர்ந்தாள்.

அவர் விரல்கள் இன்னும் கட்டையின்மேல்தான் இருந்தன. மூச்சு மறுபடி ஏறவில்லை.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்தால் அந்தக் கையையும் எடுக்க வேண்டியிருக்கும். கட்டிலருகே ஆக்ஸிஜன் இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எட்டி அதை நிறுத்தினாள்.

டுவைட் வந்தபோது மணி மூன்று. செம்மஞ்சள் வேட்டைக்கோட்டோடு, தொப்பியில் பனியோடு, கதவருகிலேயே நின்றார். பெத் வண்டியிலேயே இருந்துவிட்டாள். அறையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பூட்ஸைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபது நிமிஷம்."

கட்டிலருகே வந்து நின்றார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தார். எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரல் கீறலைத் தேடிப் போய், தொட்டு, அங்கிருந்து நகர்ந்து திருகாணித் தலையில் நின்றது.

"மாத்திட்டானா?"

"நான்தான் மாத்துனேன். அவரு சொல்லச் சொல்ல. உன்கிட்ட குடுக்கணும்னுதான்."

டுவைட் தலையை அசைத்தார்.

"எதாவது சொன்னானா?"

குழல் பக்கம் என்று சொன்னதைச் சொல்லலாமா என்று நோரீன் யோசித்தாள். ஆனால் அவருக்கு வேண்டியது வேறு.

"உனக்குப் போன் போடச் சொன்னாரு" என்றாள். "காலையில முதல் வேலையா."

டுவைட் துப்பாக்கியை மெல்ல நாற்காலியில் வைத்தார். பிய்ந்த பழைய ஆணியை அவர் கேட்டபோது சட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அண்ணன் தோளுக்குக் கீழே கிடந்த போர்வையை இரண்டு கையாலும் இழுத்து நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

நர்ஸுக்கும் அடக்க ஏற்பாடு செய்பவர்களுக்கும் நோரீன் போன் செய்தாள். மலைப்பாதையில் பனி கூடிவிட்டது, வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். திரும்பி வந்தபோது டுவைட் அறையில் இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வாசல் படியிலிருந்து சாலைவரை பாதை வெட்டிக்கொண்டிருந்தார். உடலைத் தூக்கிப் போக ஒரு ஆள் அகலம் போதும். அவர் இரண்டு ஆள் அருகருகே நடக்கிற அகலத்துக்கு வெட்டினார். சாலையை எட்டியதும் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தார். படியருகே தரை மறுபடி வெளுத்திருந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்து, முதலிலிருந்து தொடங்கினார்.